ஊசி குதிக்கும் இடம்

அத்தியாயம் 14

போன வாரம் மூன்று பேரையும் வேனில் ஏற்றிவிட்டு நிறுத்தினோம். இறக்குவதற்கு முன், இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்குக் கொஞ்சம்.

அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து மின்னிசை செய்கிறார்கள். ஆடுதளங்களில் போடுகிற இசை. பாடகர் கிடையாது, வரிகள் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டரில் கட்டுவது. ஜோடியின் பெயர் 'ஒத்தைக் காது'. காரணம் இருக்கிறது.

ஆறு வருடம் முன்பு சமையலறை மேசையில் தொடங்கினார்கள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். விடிவதற்குள் வேலைக்குக் கிளம்புகிறவன், பொழுது சாய்ந்ததும் படுத்துவிடுவான். ஸ்பீக்கர் கூடாது. வீட்டில் இருந்தது ஒரே ஒரு இயர்போன். ஆளுக்கு ஒரு காது என்று பிரித்துக்கொண்டார்கள்.

அண்ணி கட்டுப்பல் செய்கிற லேபில் வேலை பார்க்கிறாள். அரைக்கும் மிஷின் நாள் முழுக்க வலது காதோரம் அலறும். அதனால் இடது காது அவளுக்கு. நாத்தனாரை வீட்டில் சுண்டு என்பார்கள். பிறந்தபோது சுண்டுவிரல் அளவுதான் இருந்தாளாம். அவளுக்கு கால் சென்டரில் வேலை. இடது காதில் எட்டு மணி நேரம் ஊரார் புகார். அதனால் வலது காது அவளுக்கு.

இடது பக்கச் சத்தத்தை அண்ணி பார்ப்பாள், வலது பக்கத்தைச் சுண்டு. ஒருவர் பக்கத்தில் மற்றவர் கை வைப்பதில்லை. தனியாக யாரும் கேட்பதும் இல்லை. முதல் வெளியீடான 'நாலாம் மாடி' நன்றாகப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு அந்த இயர்போன் ராசியாகிவிட்டது.

இரண்டாவது வெளியீடு 'ஈரத் துணி'. காதில் மாட்டிக் கேட்டவர்கள் கொண்டாடினார்கள். ஆடுதளத்தில் செத்தது. சுண்டு நேரில் போய்ப் பார்த்தாள். முந்தின பாட்டு வரை குதித்துக்கொண்டிருந்த கூட்டம், இவர்கள் பாட்டு வந்ததும் தண்ணீர் குடிக்கப் போய்விட்டது. வீட்டுக்கு வந்தவள், "உங்க பேஸ்ல சத்தே இல்ல, அண்ணி" என்றாள்.

பேஸ் என்பது அடியில் ஓடும் கனத்த சத்தம். கால் கேட்பது அதைத்தான். அந்த மெட்டைப் போடுவது அண்ணி; மேலே ஒலிக்கும் மணிச் சத்தங்கள் சுண்டுவுடையவை.

அதிலிருந்து ஒரு வருடமாக இருவருக்கும் பேச்சு, 'சாவி எங்க', 'பால் தீர்ந்துடுச்சு' என்ற அளவில் நிற்கிறது. பாட்டு மட்டும் நடக்கிறது. ஆளுக்கு ஒரு காது மாட்டிக்கொண்டு, முகம் பார்க்காமல்.

இன்று மூன்றாவது வெளியீட்டுக்கு மூலத் தட்டு வெட்டுகிற நாள். முதல் முறையாக இசைத்தட்டில் வருகிறது, பக்கத்துக்கு ஒரு பாட்டு. வெளியிடும் நிறுவனத்தின் மேலாளர் சுண்டுவை மட்டும் கூப்பிட்டு, "அடுத்ததை நீங்க தனியாச் செய்யுங்க, பேஸுக்கு வேற ஆள் தர்றேன்" என்று சொல்லியிருந்தார். காலை ஒன்பது நாற்பதுக்கு, வேனின் பின் சீட்டில், அண்ணியின் பின்னலைப் பார்த்துக்கொண்டே, 'சரி, தனியாகச் செய்கிறேன்' என்று சுண்டு எழுதி அனுப்பிவிட்டாள்.

தட்டு வெட்டி முடிந்ததும் அண்ணியிடம் சொல்லிவிட வேண்டும். எந்த வாயால் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

சரி, இறங்கலாம்.

*

கட்டடம் பார்ப்பதற்குக் கிடங்கு மாதிரி இருந்தது. உள்ளே போனால் தடித்த கதவு, அதற்குள் இன்னொரு தடித்த கதவு. நடுவில் செருப்பு வைக்க ஒரு பலகை.

"செருப்பைக் கழட்டணுமாம்" என்றான் அண்ணன். "ஆபரேஷன் தியேட்டர்லகூட மாத்துச் செருப்பு குடுப்பாங்க."

தட்டு வெட்டுகிற பெண்மணி உள்ளே காத்திருந்தாள். அண்ணி வயது இருக்கும். கம்பளிக் காலுறை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி, பேச்சில் சிக்கனம். அவளுக்கு வெட்டுக்காரம்மா என்று அண்ணன் வாசலிலேயே பெயர் வைத்துவிட்டான்.

"நடந்தா தரை அதிரும். ஊசிக்குத் தெரிஞ்சுடும்" என்றாள் அவள். "வெட்டும்போது மட்டும் யாரும் அசையாம, பேசாம இருந்தாப் போதும்."

"அது பழக்கம்தான். எங்க வீட்டுல ஒரு வருஷமா அப்படித்தான் இருக்கோம்" என்றான் அண்ணன்.

யாரும் சிரிக்கவில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இவனுக்கு இரண்டு பக்கமும் மௌனம். அவன் இரண்டாவது கதவின் ஓரமாகப் போய் நின்றுகொண்டான்.

அறையின் நடுவில் அந்த இயந்திரம். இரும்பு மேசை மேல் கனத்த சுழல்தட்டு. அதன் மேல் சற்று நேரத்தில் அரக்குப் பூசிய கருப்பு வட்டு ஒன்று ஏறும். மேலே குறுக்குக் கம்பி. அதில் தொங்கும் கைமுட்டி அளவுத் தலை. தலையின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத ஊசி. பாட்டு ஓட ஓட அந்த ஊசி வட்டில் பள்ளம் கீறும். அந்தப் பள்ளத்திலிருந்துதான் அச்சு எடுத்து ஆயிரம் தட்டு அடிப்பார்கள். நடுவில் நிறுத்த முடியாது. ஒரு இடம் தப்பினால் வட்டு குப்பைக்குப் போகும்.

சுண்டு இத்தனை நாள் திரையில் கோடாகப் பார்த்ததை, ஒரு பொருளாக, கையால் தொடும் பள்ளமாக நினைத்துப் பார்த்தாள்.

வெட்டுக்காரம்மா முதல் பாட்டை ஓட விட்டாள். 'பல்சக்கரம்' என்று பெயர். இரண்டு சின்ன ஸ்பீக்கர்களில் பத்து விநாடி கேட்டாள். திரையில் பச்சைக் கோடு ஒன்று துடித்தது. அது நிமிர்ந்து நிற்க வேண்டியதாம். படுத்துக் கிடந்தது.

நிறுத்தினாள்.

"இதை வெட்ட முடியாது."

"பேஸ் பத்தலையா?" அண்ணிதான் கேட்டாள், உடனே. கேள்வியை நாக்கு நுனியிலேயே வைத்திருந்தவள் போல.

"ஏகத்துக்கும் இருக்கு. ஆனா இல்ல."

"புரியல."

வெட்டுக்காரம்மா ஒரு பொத்தானைக் காட்டினாள். "இது இடதையும் வலதையும் ஒண்ணாச் சேர்த்துடும். பாதி ஆடுதளத்துல இப்படித்தான் போடுவாங்க. மூலைல நிக்கறவனுக்கும் எல்லாம் கேக்கணுமே. இப்பப் பாருங்க."

அழுத்தினாள்.

பேஸ் காணாமல் போனது. குறையவில்லை, காணாமல் போனது. அரை நொடிக்கு முன் அறையில் இருந்த கனம் அப்படியே கரைந்து, மேலே இருந்த மணிச் சத்தமும் சீறலும் மட்டும் ரீங்காரமாய் நின்றன. பொத்தானை விட்டாள், பேஸ் வந்தது. அழுத்தினாள், போனது.

சுண்டுவுக்கு அந்த ஆடுதளம் கண் முன்னால் வந்தது. தண்ணீர் குடிக்கப் போன கூட்டம்.

"இதேதான்" என்றான் கதவோரம் நின்ற அண்ணன். "என் வேன்ல ஒரே ஸ்பீக்கர்தான், ரெண்டு பக்கமும் சேர்ந்து அதுலதான் வரும். 'ஈரத் துணி'யை அதுல போட்டேன், இதேதான் கேட்டுச்சு. கொசுப் பாட்டுன்னு சொன்னேன். ரெண்டு பேரும் சேர்ந்து என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டீங்க. போன வருஷம் நீங்க ஒத்துமையாச் செஞ்ச ஒரே காரியம் அது."

"கொஞ்சம் சும்மா இருக்கீங்களா" என்றாள் அண்ணி. கோபமில்லை. கவனம் வேறு எங்கோ இருந்தது.

வெட்டுக்காரம்மா இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிரே பிடித்தாள். "ஒரு அலமாரியை ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் நின்னு தள்ளுறாங்க. ரெண்டு பேரும் பலசாலி. அலமாரி நகருமா? உங்க இடது பேஸ் முன்னால தள்ளுற அதே நேரத்துல வலது பேஸ் பின்னால இழுக்குது. தனித்தனியாக் கேட்டா ஒரு குறையும் தெரியாது. சேர்த்தா பூஜ்யம். ஊசிக்கும் அதே பிரச்சினைதான். ரெண்டும் சேர்ந்து போனா ஊசி பக்கவாட்டுல ஆடும், பள்ளம் ஒழுங்கா விழும். எதிரெதிராப் போனா மேலயும் கீழயும் குதிக்கும். இவ்வளவு பேஸுக்கு வட்டை விட்டே வெளிய வந்துடும்."

பிறகு கேட்டாள்: "எதுல கேட்டுக் கலந்தீங்க?"

அண்ணி பையிலிருந்து இயர்போனை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது யாரோடது?"

"ரெண்டு பேரோடதும். எனக்கு இடது. அவளுக்கு வலது."

வெட்டுக்காரம்மா சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த ஒயரைப் பார்த்தாள். அதன் தோல் பல இடங்களில் டேப் சுற்றி ஒட்டியிருந்தது.

"எத்தனை வருஷமா?"

"ஆறு."

"அப்போ உங்க பாட்டை நீங்க ரெண்டு பேருமே முழுசாக் கேட்டதே இல்ல."



*

லேப்டாப்பைத் திறந்தார்கள். வலது பேஸ் என்பது தனிப் பட்டை. அண்ணியின் மெட்டின் பிரதி அது; அவள் ஏற்றினால் அதுவும் ஏறும். தன் காதுக்கு ஏற்றபடி அதைச் சீர்படுத்துவது சுண்டுவின் வேலை.

பட்டையின் ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தான். வட்டம், அதன் குறுக்கே ஒரு கோடு. மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

"இதுதான்" என்றாள் வெட்டுக்காரம்மா. "அலையைத் தலைகீழா மாத்துறது. இடது பக்கம் அணைஞ்சிருக்கு. வலது பக்கம் எரியுது. யார் போட்டது?"

சுண்டுவுக்கு நினைவு வந்துவிட்டது.

ஒரு மத்தியானம். 'ஈரத் துணி' தொடங்கிய வாரம். அண்ணி வாசலில் யாரிடமோ பேசப் போயிருந்தாள். சுண்டு அந்தப் பொத்தானை என்னவென்று தெரியாமல் அழுத்திப் பார்த்தாள். ஒற்றைக் காதில் ஒரு வித்தியாசமும் இல்லை. இல்லை, கொஞ்சம் கெட்டியானது போல ஒரு பிரமை. அப்படியே விட்டாள். ஒவ்வொரு புதுப் பாட்டையும் பழைய கோப்பின் பிரதியிலிருந்துதான் தொடங்குவார்கள். அன்று முதல் எல்லாப் பாட்டிலும் அந்தப் பொத்தான் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது.

"வலது பக்கம் இவளோடது" என்றாள் அண்ணி. குற்றம் சொல்கிற குரல் இல்லை. இது கடைவாய்ப் பல், இது முன் பல் என்று சொல்கிற குரல்.

"நான்தான்" என்றாள் சுண்டு. "என்னன்னு தெரியாம."

அண்ணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சத்தில்லைன்னு சொன்ன நாள்லேருந்து வாரம் ஒரு புள்ளி ஏத்தினேன்" என்றாள். "பேஸை. ஐம்பது வாரம் இருக்குமா? எனக்கு இடது காதும் போயிடுச்சோன்னு ஆஸ்பத்திரிக்குக்கூடப் போனேன். நல்லா இருக்குன்னாங்க. நம்பல."

கதவோரத்திலிருந்து அண்ணன், "எப்பப் போனே? எங்கிட்டச் சொல்லவே இல்லையே" என்றான்.

"சொன்னா நீங்க ஒரு ஜோக் சொல்லுவீங்க."



சுண்டு மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தாள். ஒரு வருடத்தைக் கொட்ட ஒரு சொல் போதாது என்று பட்டது. கையை நீட்டி அந்தப் பொத்தானை அழுத்தினாள். மஞ்சள் அணைந்தது.

"இனி பெரிய ஸ்பீக்கர்ல கேப்போம்" என்றாள் வெட்டுக்காரம்மா.

*

சுவரில் பதித்திருந்த இரண்டு பெரிய ஸ்பீக்கர்களையும் அவள் திறந்துவிட்டாள்.

அது காதுக்கு வரவில்லை. முதலில் வெறும் பாதத்துக்கு வந்தது. தரையிலிருந்து முழங்காலுக்கு ஏறி, அங்கிருந்து விலா எலும்புகளுக்குப் போய், ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் சத்தமானது.

சுண்டு தன் பாட்டைக் கேட்டாள். தன் பாட்டு என்று நம்ப முடியவில்லை. சமையலறை மேசையில், இரண்டு ஓரங்களில் கிடந்த இரண்டு பாதிகள். இங்கே நடுவில் ஒரு உயிர் நின்றுகொண்டிருந்தது. இடதிலும் இல்லை, வலதிலும் இல்லை; எதிரே, ஆள் உயரத்தில். கையை நீட்டினால் தட்டுப்படும்போல இருந்தது. இதை நாமா செய்தோம்? எப்போது செய்தோம்?

அண்ணன் உள்ளே வந்திருந்தான். யாரையும் கேட்கவில்லை. லிஃப்ட் கூண்டில் கோளாறு பார்க்கும்போது வைப்பதுபோல உள்ளங்கையைச் சுவரில் பதித்து நின்றான். ஆறு வருடமாகப் பக்கத்து அறையில் தூங்கியவன்.

"நாப்பது மாடி லிஃப்ட் கிளம்பும்போது வயித்துல ஒண்ணு வருமே" என்றான் மெதுவாக. "அதும்மா. அதேதான்." ஜோக் வரவில்லை.

அண்ணி எழுந்து நின்றாள். தலையைக் கொஞ்சம் திருப்பி, மிஷின் சத்தத்தில் மரத்துப்போன அந்த வலது காதை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனாள். அப்படியே நின்றாள். அவள் முகத்தில் சுண்டு பார்த்திராத ஒன்று இருந்தது. சிறு பெண் ஒருத்தி முதல் முறையாகக் கடலைப் பார்க்கிற முகம்.

"இந்தக் காதுலயும் கேக்குது" என்றாள்.

"இது ரொம்ப அதிகம்" என்றாள் வெட்டுக்காரம்மா. "பேஸைப் பாதியாக் குறைங்க."

ஐம்பது வாரம் ஏற்றியதை அண்ணி கால் மணி நேரத்தில் இறக்கினாள். இரண்டாவது பாட்டிலும் அப்படியே. சுண்டு அந்தப் பொத்தானை அணைத்தாள், அண்ணி பேஸை இறக்கினாள். ஒரே லேப்டாப்பில் நான்கு கைகள். முட்டிக்கொள்ளவில்லை.

*

முதல் பக்கம்.

கருப்பு வட்டு ஏறியது. முகம் பார்க்கலாம்போல ஒரு பளபளப்பு. சுழன்றபோது சுழல்வதே தெரியவில்லை. வெட்டுக்காரம்மா தலையை மெல்ல இறக்கினாள். ஊசி தொட்ட இடத்தில் வெள்ளிக்கோடு ஒன்று பிறந்தது. தோண்டிய அரக்கு, முடியைவிட மெல்லிய நூலாகச் சுருண்டு எழும்ப, பக்கத்தில் இருந்த குழாய் அதை உறிஞ்சிக்கொண்டது. கோடு பட்டையாகி, பட்டை உள்நோக்கி நகர்ந்தது. அடி விழும் இடமெல்லாம் பட்டை லேசாக மின்னியது. கண்ணால் தாளம் போடலாம்.

மூவரும் மூச்சை அளந்து விட்டார்கள்.

ஆறாவது நிமிஷம் சுண்டுவின் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. அசைய முடியாது. தொடையில் அது மூன்று முறை துடித்து அடங்கியது. மேலாளரின் பதில். வேறு யாராக இருக்கும்? எதிரே ஊசி, ஒரு முறைகூடக் குதிக்காமல், இவர்கள் இருவரையும் ஒரே பள்ளத்தில் எழுதிக்கொண்டிருந்தது.

தலை உயர்ந்தது. வெட்டுக்காரம்மா வட்டின் மேல் மைக்ராஸ்கோப்பை நகர்த்திப் பார்த்தாள். "சுத்தம்" என்றாள். "பாக்கறீங்களா?"

அண்ணி முதலில் குனிந்தாள். லேபில் பழகிய குனிவு.

"ஆறு மாதிரி போகுது" என்றாள். "ரெண்டு கரை இருக்கு. பெரிசா வளையற இடம் பேஸ், இல்லையா? கரை ஓரமாப் பொடிப்பொடியா அரும்பு அரும்பா இருக்கே, அது சுண்டுவோட மணி. ஒண்ணு மேல ஒண்ணு ஏறிப் போகுது. எது யாரோடதுன்னு பிரிக்க முடியல."

சுண்டுவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. மைக்ராஸ்கோப்பில் தன் முறைக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

"அண்ணி. காலைல அந்த மேலாளருக்கு எழுதிட்டேன். அடுத்தது நான் தனியாச் செய்யறேன்னு."

அண்ணி கண்ணை எடுக்கவில்லை.

"காலைலன்னா?"

"வேன்ல. வரும்போது."

"நான் முன்னாடி உக்காந்திருந்தப்போ."

"ஆமா."

"நான் பேஸ் போடத் தெரியாதவன்னு நெனச்சுத்தான எழுதினே?"

"ஆமா, அண்ணி."

அண்ணன் ஒரு அடி எடுத்து வைத்தான். யார் பக்கம் வைப்பது என்று தெரியாமல் அந்தக் காலை எடுத்த இடத்திலேயே வைத்தான்.

"பதில் வந்துடுச்சா?" என்று கேட்டாள் அண்ணி.

"இப்பத்தான் வந்துருக்கு. பாக்கல."

அண்ணி நிமிர்ந்தாள். கண்ணைச் சுற்றி மைக்ராஸ்கோப்பின் வட்டம் சிவப்பாகப் பதிந்திருந்தது. சுண்டுவின் முகத்தைப் பார்த்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு, நேராக. திட்டியிருந்தால் தேவலை. அழுதிருந்தால்கூடத் தேவலை. பள்ளத்தைப் பார்த்த அதே கவனத்தோடு பார்த்தாள். என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள்.

"ரெண்டாம் பக்கம் வட்டு ஏத்திட்டேன்" என்றாள் வெட்டுக்காரம்மா. அவள் யாரையும் பார்க்கவில்லை. "ஊசி சூடு ஏறியாச்சு. காக்க வைக்க முடியாது. பேசறதுன்னா வெளிய போய்ப் பேசுங்க. இல்லன்னா ஏழு நிமிஷம் அசையாம இருங்க."

அண்ணி கதவைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்தாள்.

"வெட்டுங்க" என்றாள்.

ஊசி இறங்கியது.

'மூடாத கதவு' என்ற அந்தப் பாட்டு, பேஸ் மட்டும் வைத்துத் தொடங்கும். ஒரு நிமிஷத்துக்கு வேறெதுவும் கிடையாது. இத்தனை நாளும் அந்த ஒரு நிமிஷத்தைச் சுண்டு பாதியாகத்தான் கேட்டிருந்தாள். எப்போது முடியும், எப்போது தன் மணிகள் உள்ளே வரும் என்று காத்திருந்துதான் கேட்டிருந்தாள். இப்போது அது தரை வழியாக வந்தது. நாலே நாலு சுரம். போவதும் திரும்புவதுமாக, அவசரமே இல்லாமல், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு ஒருத்தி தட்டு முட்டுச் சாமான்களை எடுத்து வைப்பதுபோல. இதற்குப் பக்கத்தில் வேறு யாருடைய பேஸை வைப்பது?

பாக்கெட்டில் பதில் கிடந்தது. பக்கத்தில் அண்ணி, மடியில் கைகளைக் கோத்து, இரண்டு காதாலும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சொல்ல வந்தது என்ன என்று முகத்தைத் திருப்பிப் பார்க்கக்கூட முடியாது.

சுண்டுவின் மணிகள் வர இன்னும் ஐம்பது விநாடி இருந்தது.